கம்போடியாவில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ, மகளை இரண்டு வாரம் அனுப்பலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கிறோம். ஜூனியர் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகள், டிசம்பர் விடுமுறையில் கம்போடியாவின் சியாம் ரீப் நகருக்குச் சென்று, அங்குள்ள ஓர் அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க விரும்புகிறாள். ஏற்பாடு செய்யும் நிறுவனம் விமானச் சீட்டு நீங்கலாக 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறது. இது தவிர, மாதம் 100 வெள்ளியை அந்நாட்டு ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்க நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். என் தந்தை பள்ளியிறுதித் தேர்வு எழுதியது, மன்னார்குடியில் உறவே இல்லாத ஒருவர் கட்டிய தேர்வுக் கட்டணத்தால்தான். அந்தக் கடனை எங்காவது தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. மகளை அனுப்பலாமா, பணத்தை எந்த வழியில் கொடுத்தால் அது பிள்ளைகளின் படிப்புக்குப் போய்ச் சேரும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1

சகோதரி, உங்கள் மகளின் மனம் பெரியது. ஆனாலும் அநாதை இல்லத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் அலுவலக நண்பர்களும் அதே ஊரில் ஓர் இல்லத்தில் எட்டு நாள் இருந்தோம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் நோட்டை என்னிடம் காட்டினாள். முதல் பக்கத்தில் ஏ முதல் இசட் வரை ஆங்கில எழுத்துகளை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்கு பக்கம் தள்ளி அதே எழுத்துகள் வேறொருவர் கையெழுத்தில். இன்னும் சில பக்கம் தள்ளி மறுபடியும் அதே. வந்தவர் ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். அன்று காலை நான் கரும்பலகையில் எழுதியதும் அதைத்தான். நாங்கள் கிளம்பிய நாளில் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து அழுதாள். அடுத்த குழு அன்று மாலையே வரவிருந்தது. பழகிய முகங்கள் வாரந்தோறும் மறைந்துபோவதை ஒரு குழந்தை எத்தனை முறை தாங்கும் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

அவளுக்குத் தாய் இருக்கிறார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அது அவள் ஒருத்தியின் கதையும் அல்ல. கம்போடிய அரசு யூனிசெஃப் ஆதரவுடன் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிருடன் இருந்தார். போர்க்காலம் முடிந்து ஆண்டுகள் பல ஆன பிறகு, 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. பிள்ளை மூன்று வேளை சாப்பிட்டுப் படிக்கும் என்று நம்பி, ஏழைப் பெற்றோர் அனுப்பிவைக்கிறார்கள். அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க வரும் பயணிகளும் நம்மைப் போன்ற தன்னார்வலர்களும் கொடுக்கும் பணம் இல்லங்களை வளர்க்கிறது. ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர்’ என்று ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பினர் 2011இல் ஓர் இயக்கத்தையே தொடங்க வேண்டியிருந்தது. நன்கொடைக்காகப் பிள்ளைகளை இல்லங்களில் சேர்ப்பதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றுக்கொண்டது. எல்லா இல்லங்களும் அப்படிப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரம் தங்கிவிட்டு வருபவரால் எது நல்லது, எது கெட்டது என்று பிரித்தறிய முடியாது.

பதில் 2

நான் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் சில ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சியோடு தொடர்புடைய வேலையில் இருந்தேன். முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். படிப்பைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

1975க்கும் 1979க்கும் இடைப்பட்ட, போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் ஆட்சியில் பள்ளிகள் மூடப்பட்டதோடு, ஏராளமான ஆசிரியர்களும் உயிரிழந்தார்கள். ஒரு தலைமுறை ஆசிரியர்களை இழந்த நாடு அந்தக் குறையிலிருந்து மீள எத்தனை காலம் எடுக்கும் என்பதை, இன்றும் பல அரசுப் பள்ளிகள் காலையில் ஒரு தொகுதி, மாலையில் ஒரு தொகுதி என்று அரைநாள் மட்டுமே நடப்பதைப் பார்த்தால் உணரலாம். நான் அங்கிருந்த காலத்தில், பெற்றோர் தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போனால் மூத்த பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நின்றுவிடும். தொடக்கப் பள்ளி ஊரிலேயே இருந்தாலும் நடுநிலைப் பள்ளி பல கிலோமீட்டர் தள்ளியிருப்பதால், சைக்கிள் இல்லாத ஒரே காரணத்தால் படிப்பை விட்ட பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இவற்றில் எதுவும் ஆங்கில எழுத்துகளைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதால் தீராது.

கம்போடியர்களின் தாய்மொழியான கெமரின் எழுத்து நம் பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. அதில் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரலை வரிமேல் வைத்து, உதடு அசைய, மூன்றாம் வகுப்புப் பிள்ளை தேடித் தேடிப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அதற்கு முதலில் தேவை தாய்மொழியில் எளிய கதைப்புத்தகமும் அதைப் படிக்கச் சொல்லித்தரும் உள்ளூர் ஆசிரியரும்தான் என்பது விளங்கும். கென்யாவில் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல் கொடுத்துச் சோதித்த மைக்கேல் கிரெமர் குழுவினர், நூல்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களே பயனடைந்தார்கள் என்று கண்டார்கள். 2019இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர் அதே கிரெமர்தான். ரூம் டு ரீட் போன்ற அமைப்புகள் கெமர் மொழியிலேயே சிறுவர் நூல்களை வெளியிடுகின்றன. உங்கள் 100 வெள்ளி அத்தகைய வேலைக்குப் போகலாம்.

பதில் 3

கணக்குத் தணிக்கையில் இருப்பவன் என்பதால் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1,800 வெள்ளியில் எவ்வளவு சியாம் ரீப்பைச் சென்று சேரும், எவ்வளவு ஏற்பாட்டாளரிடம் நிற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் அதுவே விடை. வெளிநாட்டுக் கல்விப் பணிக்குக் கொடுப்பதற்குச் சிங்கப்பூரில் பொதுவாக வரிக்கழிவு கிடையாது. நண்பர்களோடு சேர்ந்து பொதுமக்களிடம் வசூலிக்க நினைத்தால், முதலில் அறநிறுவன ஆணையரின் அனுமதி பெற வேண்டும்.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆசிரியர்களும் நிர்வாகிகளும் உள்ளூர்க்காரர்களா, பிள்ளை தன் வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகிறதா, சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் படிக்கிறார்கள் என்று கேட்பது, சுவரில் பெயர் பொறித்த புதுக்கட்டடத்தின் படத்தைப் பார்ப்பதைவிட மேலானது. சியாம் ரீப் மாநிலத்தில் இயங்கும் பெப்பி அமைப்பு, 2005இல் வெளிநாட்டினர் சிலரின் சைக்கிள் பயணத்தோடும் ஒரு பள்ளிக் கட்டடத்தோடும் தொடங்கியது. கட்டடம் மட்டும் படிப்பைத் தராது என்பதை அனுபவத்தில் உணர்ந்து, அதை வெளிப்படையாகவும் சொல்லித் தன் வேலையை இளைஞர்களின் உயர்கல்வி பக்கம் அது திருப்பிக்கொண்டது. தன் தவற்றை ஒப்புக்கொண்ட அமைப்பின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒரு வேண்டுகோள்: ஆறு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். உங்கள் தொகையை நம்பி ஒரு மாணவியைச் சேர்த்துக்கொள்பவர்கள், பாதியில் அவளுக்கு என்ன பதில் சொல்வார்கள்? மாதம் 60 வெள்ளிதான் நிச்சயம் என்றால் அறுபதையே சொல்லி, அவள் முடிக்கும்வரை கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நோட்டைப் பற்றிய பத்தியை மகளிடம் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே அந்த நிறுவனத்துக்கு எழுதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். 1,800 வெள்ளியையும் சேர்த்து, ஒரு மாணவி நடுநிலைப் பள்ளியை முடிக்கும் மூன்றாண்டுகளுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். டிசம்பரில் இங்கேயே, எங்கள் வட்டாரத்தில் பாடத்தில் பின்தங்கிய தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை வாசிக்கச் சொல்லித்தரப் போகிறாள். பள்ளி திறந்த பிறகும் சனிக்கிழமைதோறும் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறாள். சைக்கிளையும் சேர்த்து உதவித்தொகை தரும் அமைப்பு எதுவும் உங்களுக்கு நேரடியாகத் தெரியுமானால் எழுதுங்கள்.

பதில் 2

தெரியும், சகோதரி. பழைய சகாக்களிடம் இன்றே கேட்டு, தனிமடலில் எழுதுகிறேன். அந்த அமைப்பினர் பெரும்பாலும் அரசின் வறியோர் அடையாள அட்டை வைத்திருக்கும் குடும்பங்களிலிருந்தே மாணவிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் பணம் யாருக்குப் போகிறது என்பதில் ஐயம் இருக்காது.