மெயின் காண்ட்ராக்டர் கிட்ட பூச்சு வேலை புடிக்கறது எப்படிங்க? கொட்டேஷன் குடுத்தே ஓஞ்சு போயிட்டேன்

கரணை_கொண்டலாம்பட்டி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் இருக்கேன், பூச்சு வேலை லேபர் காண்ட்ராக்ட். அப்பா கொத்தனாரு, அவர் கூட கரணை புடிச்சு பழகி இப்ப 9 வருஷமா நானே டீம் வச்சு ஓட்டறேன், 5 கொத்தனாரு, அது போக பெரியாள் சித்தாள் சேத்து 7 பேரு. இதுவரைக்கும் பூரா தனி வீடுதான். வீட்டுக்காரங்க சனிக்கிழமை ஆனா காசு குடுத்துடறாங்க, அதுல குத்தமே சொல்ல முடியாது, ஆனா ஒரு வீடு முடிஞ்சு அடுத்த வீடு ஆரம்பிக்கறதுக்குள்ள 15 நாள் 20 நாள் சும்மா உக்கார வேண்டியதா போயிடுது, அந்த கேப்புல நம்ம கொத்தனாருங்க வேற மேஸ்திரி கிட்ட போயிடறாங்க, திரும்ப கூப்பிட்டா "அங்க அட்வான்ஸ் வாங்கிட்டேன்ணா"ங்கறாங்க.

அதனால அபார்ட்மெண்ட், காலேஜ், ஆஸ்பத்திரி மாதிரி பெரிய பில்டிங் பண்ற மெயின் காண்ட்ராக்டர் கிட்ட சப் காண்ட்ராக்ட் எடுக்கலாம்னு ஆறு மாசமா அலையறேன். அஞ்சு ரோடு, அஸ்தம்பட்டி, ஜங்ஷன்னு ஒரு ஆபீஸ் விடல. 11 கொட்டேஷன் குடுத்தாச்சு. ஒரே ஒருத்தர் திருப்பி கூப்பிட்டாரு, அவரும் 3 ரூபா கொறைக்க சொன்னாரு, சரின்னேன், அதோட ஆளக் காணோம். என் ரேட்டு சதுர அடிக்கு 30 ரூபா, லேபர் மட்டும். இன்னும் எறங்கணுமா? இல்ல வேற எங்கயாவது தப்பு பண்றனா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பில்லிங்_தம்பி:

அண்ணா, நான் ஒரு மெயின் காண்ட்ராக்டர் ஆபீஸ்ல 7 வருஷம் பில்லிங் இன்ஜினியரா இருந்தேன். உங்கள மாதிரி ஆளுங்க குடுக்கற கொட்டேஷன் எங்க போவுதுன்னு நேர்ல பாத்தவன்.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன், அந்த 11 கொட்டேஷன் குடுத்தப்ப வேலை அவங்க கையில இருந்துச்சா, இல்ல அவங்களே டெண்டர் போடறதுக்கு ரேட்டு தேடிட்டு இருந்தாங்களா? பாதிக்கு மேல ரெண்டாவதாதான் இருக்கும். டெண்டர் போடறப்ப நாங்க நாலு பேர கூப்பிட்டு பூச்சு என்ன ரேட்டு, சென்ட்ரிங் என்ன ரேட்டுன்னு கேட்டு எங்க கணக்குல போட்டுக்குவோம், டெண்டர் வந்தா வந்துச்சு, இல்லன்னா உங்க பேப்பர் ஃபைலோட பரண்ல ஏறிடும். அதுக்கு நீங்க எங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. "சார் வேலை கையில இருக்குதுங்களா, டெண்டர் என்னைக்கு ஓப்பன் ஆவுது"ன்னு நேராவே கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கவர்மெண்ட் வேலைன்னா டிஎன்டெண்டர்ஸ் சைட்ல யாருக்கு விழுந்துச்சுன்னு பாத்துக்கலாம். நீங்க ரேட்டு குடுத்தவருக்கு விழாம வேற ஒருத்தருக்கு விழுந்துச்சுன்னு வைங்க, அதே ரேட்ட எடுத்துட்டு அந்த வாரமே அவர போய் பாருங்க. வேலை கெடச்ச வாரத்துல எந்த மெயின் காண்ட்ராக்டருக்கும் தூக்கம் இருக்காது, ஆள் தேடிட்டு இருப்பாரு, அப்ப எதிர்ல போய் நிக்கறவன் மூஞ்சிதான் ஞாபகம் இருக்கும்.

அடுத்தது நீங்க எழுதற விதம். "சார் பூச்சு 30 ரூபா, லேபர் ஒன்லி"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி, கரெக்டா? நாங்க அத வச்சு என்னண்ணா பண்றது. சாரம் யாரு கட்டறது, கலவைய நாலாவது மாடிக்கு ஏத்தற கூலி யாருது, தண்ணி அடிக்கறது யாரு, எலக்ட்ரீஷியன் வெட்டுன காடிய அடைக்கறது உங்க ரேட்டுல வருதா, தூணும் சொவரும் சேர்ற எடத்துல சிக்கன் மெஷ் (கம்பி வலை) அடிக்கறது வருதா, கீழ விழுந்த சாந்த அள்ளி கொட்டறது யாரு? இதெல்லாம் எழுதி 34 ரூபா போட்டவன ஆபீஸ்ல எடுப்பாங்க, ஒண்ணுமே எழுதாம 28 போட்டவன விட்டுடுவாங்க, ஏன்னா அந்த 28 ரூபாக்காரன் மூணாவது வாரம் வந்து "சார் சாரம் எங்க கணக்குல இல்லைங்க"ன்னு நிப்பான்னு எங்க பிஎம்முக்கு (ப்ராஜெக்ட் மேனேஜர்) நல்லா தெரியும். அவருக்கு பயம் ரேட்டு இல்லண்ணா. பூச்சு நின்னா டைல்ஸ் நிக்கும், டைல்ஸ் நின்னா பெயிண்டிங் நிக்கும், ஓனரு போன் பண்ணுவாரு. அந்த போன் வரக்கூடாது, அவ்ளோதான் அவர் கவலை.

உங்க கிட்ட 12 பேர்தான் இருக்காங்கன்னு மறைக்காதீங்க. "ஒரு நாளைக்கு இவ்ளோ சதுர அடி தருவேன், ரெண்டு மாடி மட்டும் குடுங்க, மிச்சத்துக்கு வேற டீம் போட்டுக்குங்க"ன்னு சொன்னீங்கன்னா நம்பிக்கை வரும். மொத்த பில்டிங்கையும் முடிக்கறேன்னு சொல்றவனத்தான் நாங்க சந்தேகமா பாப்போம்.

மணியாஸ்கட்டை:

ரேட்ட மட்டும் எறக்காதீங்க தம்பி, இந்த ஊர்ல ஒருக்கா 27க்கு பண்ணவனுக்கு ஆயுசுக்கும் 27தான். மத்ததெல்லாம் மேல தம்பி சொன்னது சரி.

ஓமலூர்_பெயிண்ட்_அக்கா:

நானும் எங்க வீட்டுக்காரரும் சேந்து பெயிண்டிங் காண்ட்ராக்ட் பண்றோம், சைட்டு அவரு பாக்கறாரு, பேப்பரு பூரா நானு. கரணை தம்பி ஒரு எடத்துலயும் ஜிஎஸ்டி பத்தி சொல்லலியே, நம்பர் இருக்குதா? சர்வீஸ் பண்றவங்களுக்கு வருஷம் 20 லட்சம் தாண்டுனாத்தான் கட்டாயம்னாலும் பெரிய ஆபீஸ்ல நம்பர் இல்லாதவங்கள உள்ளயே விட மாட்டாங்க பாதி எடத்துல. நம்பர் வாங்கிட்டா மட்டும் போதாது, நாம நேரத்துக்கு ரிட்டர்ன் போட்டாத்தான் நாம கட்டற அந்த 18 சதவீதம் அவங்க கணக்குல கிரெடிட்டா வரும். நாம போடலன்னா அவங்க கைக்காசு போவும், அடுத்த பில்ல நிறுத்தி வச்சுடுவாங்க. எங்களுக்கு ஆச்சு. ஆடிட்டரு மூணு மாசத்துக்கு ஒருக்கா போடற ஸ்கீம்ல சேத்து விட்டுட்டாரு, அந்த கம்பெனி அக்கவுண்டண்டு மாசா மாசம் "உங்க பில்லு எங்க சைட்ல காட்டலியே மேடம்"னு பேமெண்ட்ட புடிச்சுட்டாரு, அப்பறம்தான் தெரிஞ்சது, மூணு மாச ஸ்கீம்ல இருந்தாலும் பில்ல மட்டும் அடுத்த மாசம் 13ஆம் தேதிக்குள்ள ஏத்தி விட வழி இருக்குன்னு. இத ஆடிட்டரே சொல்லியிருக்கலாம் இல்ல? சரி விடுங்க.

இன்னொண்ணு, பில்லு போட்டா காசு வந்தாலும் வரலன்னாலும் அந்த மாசத்து ஜிஎஸ்டிய நாம கட்டியாவணும். அதனால வேலை முடிஞ்ச ஒடனே டாக்ஸ் இன்வாய்ஸ் நீட்டாதீங்க, அவங்க அளவு பாத்து இவ்ளோன்னு சர்டிஃபை பண்ண பிறகு அந்த தொகைக்கு போடலாமான்னு ஆடிட்டர கேட்டு அதுக்கு தக்கன ஒர்க் ஆர்டர்லயே எழுதி வாங்குங்க.

ஆளுங்க விஷயம். 10 பேரு ஆனாலே ஈஎஸ்ஐ, 20 பேருன்னா பிஎஃப். நீங்க கட்டலன்னா மெயின் காண்ட்ராக்டர் தலைல விழும், அதான் அவங்க மொதல்லயே சலான் கேக்கறாங்க. ஈஎஸ்ஐ மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்குத்தான், சித்தாள் அதுல வந்துருவாங்க, கொத்தனாரு 1,100 ரூபா கூலிக்கு 26 நாள் வந்தா 28,600 ஆவுது, அவரு வெளிய நிப்பாரு. சாரத்துல இருந்து விழறது யாரு, பெரும்பாலும் கொத்தனாருதானே? அதனால அவங்களுக்கு தனியா ஒர்க்மென் காம்பன்சேஷன் பாலிசி (வேலையில அடிபட்டா நஷ்டஈடு தர்ற இன்சூரன்ஸ்) எடுத்து, அந்த காப்பிய கொட்டேஷனோட வைங்க. நாங்க வச்ச பிறகு எங்கள பாக்கற பார்வையே மாறுச்சு. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் பண்ணிக்குங்க, அதுக்கு பைசா கட்ட வேண்டியதில்ல, பிரவுசிங் சென்டர்ல காசு கேட்டா குடுக்காதீங்க.

வயர்மேன்_அம்மாபேட்டை:

எல்லாரும் வேலை எப்படி வாங்கறதுன்னே சொல்றீங்க, யாரு கிட்ட வாங்கக் கூடாதுன்னு நான் சொல்றேன். எலக்ட்ரிக்கல் சப் காண்ட்ராக்ட் 18 வருஷமா பண்றேன். ஒரு கட்டடம், எடம் பேரு எதுவும் சொல்லல, மூணு ஆர்ஏ பில்லு (வேலை நடக்க நடக்க போடற பில்லு) ஒழுங்கா குடுத்தாங்க, நாலாவது பில்லுல இருந்து "ஓனரு எங்களுக்கு குடுக்கலண்ணா"ன்னு ஆரம்பிச்சாங்க, கடைசில 2 லட்சத்துக்கு மேல நின்னு போச்சு, சம்சாரத்தோட வளையல அடகு வச்சு ஆளுங்களுக்கு தீபாவளி போனஸ் குடுத்தேன். சண்டை போட்டு பாதி வந்துச்சு, மீதி வரல.

இப்ப நான் ரேட்டு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த மெயின் காண்ட்ராக்டரோட பழைய சைட்டுக்கு போய் அங்க வேலை பாத்த பிளம்பர், டைல்ஸ் மேஸ்திரிய புடிச்சு ஒரு டீ வாங்கி குடுத்து கேக்கறேன், பணம் எத்தன நாள்ல வருது, ரிட்டென்ஷன் (பில்லுல புடிச்சு வச்சு பின்னாடி தர்ற பணம்) திரும்ப வந்துச்சான்னு. செவ்வாய்பேட்டைல அவருக்கு கம்பி சிமெண்டு போடற கடைக்காரர் கிட்டயும் பேச்சு குடுத்தா தெரிஞ்சுரும், கடன்ல இழுத்துட்டு இருக்கறவன அவங்க மூஞ்சியே காட்டி குடுத்துரும். அபார்ட்மெண்ட்னா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) சைட்ல சேலம் மாவட்டத்துல பதிவான ப்ராஜெக்ட் எல்லாம் போட்டிருக்கும், பில்டர் யாரு, எப்ப முடிக்கணும்னு. புதுசா வேலை ஆரம்பிக்கறது யாருன்னு தெரிஞ்சுக்கவும் அது ஒரு வழி.

கரணை தம்பி, ஒரு கணக்கு போடுங்க. 5 கொத்தனாருக்கு 1,100, 7 பேருக்கு 750ன்னா ஒரு நாளைக்கு 10,750. வாரம் 6 நாளைக்கு 64,500. மாசக் கடைசில பில்லு, அவங்க அளவு பாக்க ரெண்டு வாரம், அப்பறம் 30 நாள்ல பணம்னா மொத காசு கைக்கு வர 10 வாரம் ஆயிடும். 6,45,000 ரூபா உங்க பாக்கெட்ல இருந்து போயிருக்கும், அதுக்கப்பறம்தான் மொத பில்லே வரும், அதுலயும் ரிட்டென்ஷன் 5 சதவீதம், வருமான வரிக்கு டிடிஎஸ் 1 சதவீதம் புடிச்சுட்டுதான் தருவாங்க. அவ்ளோ இருக்குதா? இல்லன்னா ரேட்டு பேசறதுக்கு முன்னாடி 15 நாளைக்கு ஒரு பில்லுன்னு பேசுங்க. ரேட்டுல ஒரு ரூபா விட்டு குடுத்தாலும் பரவால்ல, இத விடாதீங்க. வட்டிக்கு வாங்கி சம்பளம் போட ஆரம்பிச்சா லாபம் பூரா வட்டிக்காரனுக்குத்தான். சட்டத்துல 45 நாளுக்குள்ள குடுக்கணும்னு சிறு தொழிலுக்கு இருக்குதுன்னு சொல்லுவாங்க, மெட்டீரியலும் வேலையும் சேந்த ஒர்க்ஸ் காண்ட்ராக்ட்டுக்கு அது செல்லாதுன்னு கோர்ட்டு தீர்ப்பும் இருக்கு, அத நம்பி எறங்காதீங்க.

மழை_ஏற்காடு:

மேல ஏற்காட்டுல வேலைன்னு யாராவது கூப்பிட்டா கீழ சேலத்து ரேட்டுக்கு ஒத்துக்காதீங்க. ஆளு தங்க எடம், சாப்பாடு, சனி ஞாயிறு கூட்டத்துல அடிவாரத்துலயே லாரி நிக்கறது, இதெல்லாம் கணக்குல வரணும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற பி சாண்ட் (பூச்சு மணல்) லோடும் கீழ கொட்டற லோடும் ஒரே வெலையா? மழையில வெளிப்பூச்சு நின்னா அந்த நாளுக்கு ஆளு கூலி யாருதுன்னு எழுதி வாங்குங்க. மே மாசம் கோடை விழா நேரத்துல லோடு ஏத்தறது நரகம்ங்க, குப்பனூர் வழியா சுத்தி வரணும். ஆனா ஒண்ணு, கீழ இருந்து டீம் வர யோசிக்கறதால இங்க போட்டி கம்மி, ஒழுங்கா வந்து நின்னா விட மாட்டாங்க.

கரணை_கொண்டலாம்பட்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். வயர்மேன் அண்ணன் போட்ட கணக்க வீட்ல காட்டுனேன், சம்சாரம் ஒரு மணி நேரம் பேசவே இல்ல.

பில்லிங் தம்பி சொன்ன மாதிரி கொட்டேஷன முழுசா மாத்தி ஒரு பக்கத்துக்கு எழுதுனேன், சாரம் உங்களுது, தண்ணி அடிக்கறது எங்களுது, காடி அடைக்கறது தனின்னு. 33 போட்டேன். ஓமலூர் ரோட்டுல ஒரு அபார்ட்மெண்ட், மொதல்ல அங்க டைல்ஸ் மேஸ்திரி கிட்ட விசாரிச்சுட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போனேன், காங்கிரீட் இல்லாத நாளா பாத்து. சைட் இன்ஜினியர் பேப்பர பாத்துட்டு ஒரு ரூம் சாம்பிள் அடிச்சு காட்டுங்கன்னாரு. அடிச்சோம். அவரு ஆறடி அலுமினியம் பட்டைய சொவத்துல குறுக்க வச்சு அடியில ஒரு ரூபா காச நொழைச்சு பாத்தாரு, சொவத்துல எங்கயும் நொழையல, ஜன்னல் பக்கவாட்டுல மட்டும் சர்ருன்னு உள்ள போயிடுச்சு. மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடுச்சுங்க. அன்னைக்கு ராத்திரியே கொத்திட்டு மறுபடி அடிச்சோம். நாலாவது மாடி மட்டும் குடுத்திருக்காங்க, 6 ஃப்ளாட்டு. 15 நாளைக்கு ஒரு பில்லுக்கும் ஒத்துக்கிட்டாங்க.

ஒர்க் ஆர்டர் கைக்கு வந்துருச்சு, இன்னும் கையெழுத்து போடல. அதுல "நெட் மெஷர்மெண்ட், ஓப்பனிங் முழுக்க கழிக்கப்படும்"னு இருக்கு. நாங்க வீட்டு வேலையில கதவு ஜன்னல் கழிக்கறதே இல்ல. இது நஷ்டமா?

பில்லிங்_தம்பி:

வாழ்த்துக்கள்ணா. கையெழுத்து போடாம இருந்தது நல்லதா போச்சு. ஐஎஸ் 1200ல (கட்டட வேலை அளவெடுக்கற இந்தியத் தர விதி) பூச்சுக்கு ஒரு மொறை இருக்கு, அரை சதுர மீட்டர் வரைக்கும் ஓப்பனிங்க கழிக்கவே மாட்டாங்க, அதுல இருந்து 3 சதுர மீட்டர் வரைக்கும் ரெண்டு பக்கமும் பூசுனா ஒரு பக்கம் மட்டும் கழிப்பாங்க, கழிக்காத பக்கம்தான் உங்க ஜாம்புக்கு (கதவு ஜன்னல் பக்கவாட்டு பூச்சு) கூலி. 3x7 கதவு 21 சதுர அடி, அதாவது 2 சதுர மீட்டர் கிட்ட, அதுல வந்துரும். 4x4 ஜன்னலும் வந்துரும். ஒரு ஃப்ளாட்டுக்கு அஞ்சு கதவு அஞ்சு ஜன்னல்னு வச்சாக்கூட 185 சதுர அடி, 6 ஃப்ளாட்டுக்கு 1,110 சதுர அடி, உங்க 33 ரூபாக்கு 36,630 ரூபா. ரெண்டு பக்கமும் கழிச்சுட்டு ஜாம்புக்கும் தனியா காசு இல்லன்னா அவ்ளோ போவும்.

சண்டை போடாதீங்க. ஒண்ணு ஐஎஸ் 1200 படி அளவுன்னு மாத்தி தர சொல்லுங்க, இல்ல நெட்டுதான்னா ஜாம்புக்கு ரன்னிங் அடி கணக்குல தனி ரேட்டு கேளுங்க. ரெண்டாவதத்தான் பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, அவங்க ஓனரு கிட்டயும் அப்படித்தான் வாங்கியிருப்பாங்க.

கரணை_கொண்டலாம்பட்டி:

சரிங்க தம்பி, ரன்னிங் அடியே கேக்கறேன். இன்னைக்கு ராத்திரி ஆறு ஃப்ளாட்டுக்கும் ஜன்னல் கதவு ஒண்ணொண்ணா எண்ணி ஒரு பேப்பர்ல எழுதிக்கறேன், காலைல 9 மணிக்கு அவரு ஆபீஸ்ல இருப்பாருன்னாங்க.

வயர்மேன்_அம்மாபேட்டை:

எண்ணுனா மட்டும் பத்தாது, டேப் வச்சு அளந்துட்டு போங்க தம்பி. ட்ராயிங்ல 4 அடி இருக்கும், சைட்ல 3 அடி 9 இன்ச்தான் விட்டிருப்பாங்க.