கமுதியில் சோலார், உப்பூரில் நிலக்கரி: அரசுக்கு உண்மையில் எதுதான் வேணும்?

தொண்டிக்கரை:
நம்ம ராமநாதபுரத்தில் வெயிலுக்கும் காற்றுக்கும் என்றைக்காவது பஞ்சம் வந்திருக்கா? 2016-லேயே கமுதியில் 648 மெகாவாட் சோலார் வந்தாச்சு. அதே காலத்தில்தான் உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கும் நிலம் எடுத்தார்கள். இப்போது எங்க மாமா ஐஸ் கம்பெனி கூரையில் பேனல் போடலாம் என்று பார்த்தால், நம்ம கூரையில் எடுக்கிற கரண்டுக்கே, மின்வாரியத்தின் லைனுக்கான நெட்வொர்க் கட்டணம் கட்டணுமாம். 2070-க்குள் நெட் ஜீரோ, அதாவது கரியமில வாயு வெளியீட்டை நிகரப் பூஜ்ஜியம் ஆக்குவோம் என்று கிளாஸ்கோவில் போய்ச் சொன்ன நாட்டில் ஏன் இந்த முட்டுக்கட்டை? வாரியத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது விளக்குங்களேன்.

பழைய லைன்மேன்:
எல்லாம் காசுதான் தம்பி. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், பம்புசெட்டுக்கு முழுக்க இலவசம். மானியம் வந்தாலும், கடையும் கம்பெனியும் கட்டுகிற கூடுதல் ரேட்டில்தான் வாரியம் மூச்சு விடுகிறது, உங்க மாமா மாதிரி ஆட்கள் பகல் கரண்டைத் தாங்களே எடுத்துக்கொண்டால் அந்த வருமானம் போச்சு. அனல்மின் ஒப்பந்தங்களிலோ, கரண்ட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடுத்தே ஆகணும். அதனால்தான் உச்சி வெயிலில் சோலார்காரர்களைக் கூப்பிட்டு 'பேக்டவுன் பண்ணு', அதாவது உற்பத்தியைக் குறை என்பது. 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், காசுக்காக இப்படி நிறுத்தச் சொன்னது தப்பு, நஷ்டஈடு கொடு என்று தமிழ்நாட்டுக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னது. சாயங்காலம் லைட் போடும் நேரத்துக்கு சோலார் உதவாது என்பதும் நிஜம்தான். அதற்கு பேட்டரியும், பகல் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து அப்புறம் இறக்கிக் கரண்ட் எடுக்கிற நீரேற்று மின் நிலையமும் கட்டணும், அதையே சாக்காகச் சொல்லி நிலக்கரியைப் பிடித்துத் தொங்கக் கூடாது.

நாட்டுப்படகு:
உப்பூர் திட்டத்தில் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கக் கடலுக்குள்ளேயே பாலம் போட இருந்தார்கள் அண்ணே. மோர்ப்பண்ணை பக்கம் நண்டு வலை, இறால் வலை விரிக்கிற ஆழமில்லாத கடல் அது. மீனவர்கள் விடாமல் எதிர்த்தார்கள், 2021-ல் பசுமைத் தீர்ப்பாயமும் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அதற்காக சோலார், காற்றாலை என்றால் எதுவும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கமுதியில் 2,500 ஏக்கர் ஒரே கம்பெனி கையில் இருக்கு. மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை என்று பேசுகிறார்கள், நாங்கள் எங்கே வலை விடுகிறோம் என்பதை முதலில் எங்களிடம் கேட்டு வரைபடத்தில் குறிக்கட்டும்.

பரமக்குடி சோலார்:
தொண்டிக்கரை, மாமா கம்பெனி சிறுதொழிலாகப் பதிவாகியிருக்கா என்று பாருங்க, அவர்களுக்கு நெட்வொர்க் கட்டணத்தில் பாதியைக் குறைப்பதாக 2023-ல் அரசு அறிவித்தது, அதுவும் தொழில்முனைவோர் போராடின பிறகுதான். அப்புறம் கடலோரத்தில் சாதா இரும்பு ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம், உப்புக்காத்து போல்ட்டைத்தான் முதலில் தின்னும். அலுமினியம் கேளுங்க.