புதுப்பிப்பு: செயலியில் பழகியவரை எப்போது நேரில் பார்ப்பது?

டேட்டிங் செயலியில் மூன்று வாரமாகப் பேசும் ஒருவரை எப்போது நேரில் பார்க்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, அவரை நேரில் பார்த்துவிட்டேன்.

கைகொடுத்தது ஒரு அக்கா சொன்ன யோசனைதான்: முதலில் வீடியோ கால், அப்புறம் பகலில், ஒரு டீ குடிக்கிற நேரம் மட்டும். வீடியோவில் 15 நிமிடம் பேசினோம், படத்தில் இருந்த அதே முகம், சரி என்று அந்தச் சனிக்கிழமையே காலை 10 மணிக்குச் சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் சந்தித்தோம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் தனியாகப் போய்த் தனியாகவே திரும்பினேன். தோழியிடம் இடமும் நேரமும் சொல்லியிருந்தேன்.

எதிர்பாராதது, எழுத்தில் அவ்வளவு பேசியவர் நேரில் தே ஹாலியா (இஞ்சி டீ) கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. அவர் அம்மாவின் மீன்குழம்பில் பேச்சு தொடங்கியது, அரை மணி ஒன்றரை மணியானது. மூன்று வாரம் காத்திருந்ததே அதிகம், அதற்குள் மனதில் நானே வேறொரு ஆளை உருவாக்கி வைத்திருந்தேன்.

இன்னொன்று: அதே செயலியில் வேறொருவர் வீடியோ காலுக்கு மூன்று முறை சாக்குச் சொல்லிவிட்டு முதலீட்டுப் பேச்சை எடுத்தார். மோசடி பற்றிக் கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799-இல் கேட்டுவிட்டு பிளாக் செய்தேன். 24 மணி நேரமும் அழைக்கலாம்.