அலோஸ்டேடிக் லோடு: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

உடலியங்கியல் சொற்பட்டியலில் "அலோஸ்டேடிக் லோடு" (சூழலுக்கேற்ப மாறி மாறி இயங்குவதற்கு உடல் கொடுக்கும் விலை) மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது. முதல் வரைவில் "மன அழுத்தச் சுமை" என்று இருந்தது, அடித்துவிட்டேன். "மன அழுத்தம்" என்பதை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் எழுதுகிறோம், டிப்ரெஷனுக்கும் எழுதுகிறோம். அதன் தலையில் மூன்றாவது பொருளையும் ஏற்ற வேண்டாம். அடுத்து வந்தது "மாறுநிலைச் சுமை". கிரேக்கத்தில் அல்லோஸ் என்றால் வேறு, ஸ்டாசிஸ் என்றால் நிற்றல். வேர்ச்சொல்லுக்குப் பொருத்தம்தான். ஆனால் என்ன மாறுகிறது, யார் சுமக்கிறார்கள் என்று படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது.

க.

---

> என்ன மாறுகிறது, யார் சுமக்கிறார்கள்

அங்கிருந்தே தொடங்கலாம். ரத்தத்தின் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நின்றாக வேண்டும். இப்படி ஒன்றை அசையாமல் காப்பதை ஹோமியோஸ்டாசிஸ் என்கிறோம். ரத்த அழுத்தம் அந்த வகை அல்ல. தூக்கத்தில் இறங்க வேண்டும், ஓடும்போது ஏற வேண்டும். நாள் முழுக்க ஒரே எண்ணில் நின்றால்தான் கோளாறு. மாறுவதன் மூலமே நிலைப்பது என்ற இந்தக் கருத்துக்கு 1988இல் ஆய்வாளர்கள் ஸ்டெர்லிங்கும் அயரும் அலோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்படி மாறி மாறி இயங்குவதற்கு உடல் கொடுக்கும் விலையை 1993இல் ஆய்வாளர்கள் மெக்யுவனும் ஸ்டெல்லாரும் அலோஸ்டேடிக் லோடு என்றார்கள்.

ஒரு வாக்குவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்ரினலின் என்ற ஹார்மோன் நொடிகளில் பாய்கிறது. இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசால் மெதுவாக ஏறி, இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதற்குள் சண்டை ஓய்ந்து இருவரும் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். இது தானாக இறங்கிவிட்டால் கேடில்லை. கேடு வரும் வழிகளை மெக்யுவன் 1998இல் நான்காகப் பிரித்தார்: அடிக்கடி கிளறப்படுவது, அதே தூண்டலுக்குப் பழகாமல் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலப் பொங்குவது, காரணம் போன பிறகும் அணையாமல் எரிவது, எழ வேண்டிய அளவுக்கு எழாமலே போவது. நான்காவதைக் கவனியுங்கள். கார்ட்டிசால் போதாவிட்டால் அழற்சிக்குக் கடிவாளம் இல்லை. அங்கே எதுவும் "அழுத்தவில்லை". "அழுத்தம்" வரும் எந்தச் சொல்லும் இதில் தோற்றுப்போகும்.

நம்மிடம் "ஈடுகொடுத்தல்" இருக்கிறதே! "அவன் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை" என்கிறோம். வெளியே மாறுவதற்கு ஏற்ப உள்ளே மாறுவது என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. அலோஸ்டாசிஸுக்கு "ஈடுகொடுப்பு" என்பது என் முன்மொழிவு.

மா.

---

ஈடுகொடுப்புக்கு என் ஓட்டு. ஆனால் பின்னால் "சுமை" வேண்டாம். சுமை என்றாலே வெளியிலிருந்து யாரோ ஏற்றியது போல் தொனிக்கிறது. "மனச்சுமை" வேறு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கேள்விப்பட்டதும் அந்தப் பக்கம் ஓடிவிடுவார்கள். மெக்யுவனே விளக்கும்போது இயந்திரம் தேய்வதைத்தான் உவமையாகச் சொல்கிறார். "ஈடுகொடுப்புத் தேய்மானம்" என்று வைத்தால் என்ன?

பெயர் பிசகினால் பின்னால் சரிசெய்வது கடினம் என்பதற்கு ஸ்ட்ரெஸ்ஸே சாட்சி. பொறியியலில் தகைவு (ஸ்ட்ரெஸ்) வேறு, அதனால் விளையும் திரிபு (ஸ்ட்ரெயின்) வேறு. 1936இல் எலிகளின் அட்ரீனல் சுரப்பி வீங்கியதையும், நோயெதிர்ப்புச் செல்கள் வளரும் தைமஸ் சுரப்பி சுருங்கியதையும், இரைப்பையில் புண் வந்ததையும் எழுதிய ஹான்ஸ் செலியே, தாம் பேசியது உடலில் விளைந்ததைப் பற்றி என்பதால் "ஸ்ட்ரெயின்" என்று வைத்திருக்க வேண்டும் எனப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதற்குள் சொல் ஊர் சுற்றப் போய்விட்டது.

தே.

---

"தேய்மானம்" கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தேய்ந்தது திரும்ப வளராது என்பதுதான் நம் காதில் விழும் பொருள். எலிகளை நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 21 நாள் அடைத்துவைத்தால் நினைவுக்கு உதவும் மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸின் நரம்புச்செல்களின் கிளைகள் சுருங்குகின்றன. விட்டுவிட்டால் மீண்டும் கிளைக்கின்றன. சுமையை இறக்கிவைக்கலாம். தேய்மானத்தை எங்கே இறக்குவது?

மனச்சுமையோடு குழம்பும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இதை அளக்கும் விதத்தைச் சொன்னால் குழப்பம் தீரும். 1997இல் வந்த முதல் அளவுகோலில் பத்து அளவுகள்: மேல், கீழ் ரத்த அழுத்தம், இடுப்புக்கும் புட்டத்துக்கும் உள்ள சுற்றளவு விகிதம், எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்), மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதம், எச்பிஏ1சி (சில மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி), டி.எச்.இ.ஏ.-எஸ் (அட்ரீனல் சுரக்கும் ஒரு ஹார்மோன்), சிறுநீரில் கார்ட்டிசால், அட்ரினலின், நாரட்ரினலின். "மனசு எப்படி இருக்கிறது" என்ற கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. ஆய்வில் உள்ளவர்களை வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தால், எந்த அளவில் ஒருவர் ஆபத்தான கால்பகுதியில் விழுகிறாரோ அதற்கு ஒரு புள்ளி. எச்.டி.எல்., டி.எச்.இ.ஏ.-எஸ் இரண்டுக்கும் கீழ்க் கால்பகுதிக்குத்தான் புள்ளி. தலைகீழாகப் போட்டு முடிவைக் கெடுப்பது இங்கேதான். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரின் எண் நல்லபடியாகத் தெரியும். அதனால் மாத்திரைக்கே ஒரு புள்ளி கொடுப்பவர்கள் உண்டு. கார்ட்டிசாலை ஒரே ஒரு ரத்த மாதிரியில் பார்ப்பதும் வீண். காலையில் உச்சம், நள்ளிரவில் அடித்தளம் என்று அது நாளுக்குள் ஊசலாடும்.

புள்ளிகளைக் கூட்டுகிறோம் என்பதாலும் "சுமை" பொருந்துகிறது. தேய்மானத்தை யாரும் எண்ணிக் கூட்டுவதில்லை.

மா.

---

மனப்பான்மை இதில் எங்கே நுழைகிறது என்று சொல்லாவிட்டால் அடுத்த அத்தியாயத்தை மொழிபெயர்ப்பவர் திண்டாடுவார். ஒரே தேர்வை ஒருவர் அறைகூவலாகவும் இன்னொருவர் அச்சுறுத்தலாகவும் எடுத்துக்கொள்கிறார். இருவருக்கும் இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது. முதலாமவருக்கு ரத்தக்குழாய்கள் தளர்ந்து கொடுக்கின்றன, இரண்டாமவருக்குக் கொடுப்பதில்லை. ஈடுகொடுப்பின் தரமே மாறுகிறது. ஆகவே "மனப்பான்மை ஈடுகொடுப்பை மாற்றுகிறது" என்று எழுதலாம். "மனப்பான்மை நோயைத் தீர்க்கிறது" என்று எழுதக்கூடாது.

மேலே சொன்ன "அணையாமல் எரிவது" பெரும்பாலும் ரூமினேஷன் (ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணுவது) வழியாக நடக்கிறது. அதற்குப் பட்டியலில் "அசைபோடுதல்" என்று இருக்கிறது. லத்தீன் மூலமும் மாடு அசைபோடுவதுதான். ஆனால் தமிழில் இனிய நினைவுகளைத்தானே அசைபோடுகிறோம்? பட்ட அவமானத்தை யாரும் அசைபோடுவதில்லை, அதிலேயே உழல்கிறார்கள். "எண்ண உழற்சி" எப்படி?

க.

---

உழற்சிக்குத் தனி இழை திறவுங்கள், இங்கே இழுத்தால் இரண்டும் முடியாது. பட்டியலுக்கு இப்போதைக்கு: அலோஸ்டாசிஸ், ஈடுகொடுப்பு. அலோஸ்டேடிக் லோடு, ஈடுகொடுப்புச் சுமை. அலோஸ்டேடிக் ஓவர்லோடு, ஈடுகொடுப்பு மிகைச்சுமை. என் தேய்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "ச்" ஒற்று விடாமல் ஏற்றுங்கள்.

தே.