40 ஆண்டுகள் ஹாக்கி ஆடியவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது எதை மறக்க வேண்டும்?

பழைய ஃபுல்பேக் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 11 வயதில் மட்டையைப் பிடித்தேன். இப்போது 52 ஆகிறது. முழங்கால் வலியால் ஓரிரு பருவங்கள் ஒதுங்கியிருந்ததைத் தவிர விளையாட்டை ஒருநாளும் விட்டதில்லை. கடந்த மாதம் முதல், 10 வயதிலிருந்து 13 வயது வரையுள்ள 16 பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலைகள் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். பயிற்சியாளருக்கான படிப்பு எதையும் படித்தவன் அல்லன். ஆடத் தெரிந்தவனுக்குக் கற்பிக்கவும் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் ஒப்புக்கொண்டேன். அந்த நம்பிக்கை இரண்டாம் நாளே ஆட்டம் கண்டுவிட்டது.

டிரிபிளிங், அதாவது பந்தை மட்டையால் தட்டியபடியே கொண்டு செல்வதைச் சொல்லிக்கொடுத்தபோது, "மணிக்கட்டைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். பிள்ளைகளோ இரண்டு கைகளாலும் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மட்டைக்குப் பதிலாகத் தங்கள் உடம்பையே திருப்பினார்கள். நான் மீண்டும் மீண்டும் செய்து காட்டினேன். அவர்கள் வியந்து பார்த்தார்களே தவிர, ஒருவருக்கும் அது கைவரவில்லை. என் கை என்ன செய்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. பந்தை நிறுத்துவதும் புஷ் செய்வதும் (ஓங்கி அடிக்காமல் மட்டையால் தள்ளுவதும்) பிசகில்லாமல் வந்த பிறகே ஆட்டத்தில் இறக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரும் செய்வதை நான் நேரில் பார்த்துத் திருத்த வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக வரச் சொல்கிறேன். யார் முன்னால் தாக்கும் ஃபார்வர்டு, யார் நடுவில் ஆடும் ஹாஃப், யார் பின்னால் தடுக்கும் ஃபுல் பேக் என்பதை விரைவிலேயே முடிவு செய்துவிட்டால் அவரவர் இடத்தில் ஊறிப்போவார்கள் என்றும் கருதுகிறேன். நான் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் பயிற்சி முடியும்போது பிள்ளைகளின் முகத்தில் களைப்பைவிடச் சலிப்பே மிகுதியாகத் தெரிகிறது. எங்கே தவறுகிறேன் என்று பயிற்சியில் பழக்கம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இடது ஹாஃப்:

வணக்கம் ஐயா. நானும் உங்களைப் போல ஆட்டத்திலிருந்து பயிற்சிக்கு வந்தவன். அதே சலிப்பை என் பிள்ளைகளின் முகத்திலும் பார்த்திருக்கிறேன். முதலில் அந்த வரிசையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் கணிப்பில் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

16 பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருவருக்கு 15 விநாடி என்று வைத்து 20 நிமிடம் நடத்தினால், மொத்தம் 80 முறை ஒருவர் ஓடி வருவார். அதாவது ஒரு பிள்ளைக்கு ஐந்தே முறை. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அந்தப் பிள்ளையின் ஹாக்கி. அதே 20 நிமிடத்தில் இருவர் இருவராகப் பிரித்து எதிரெதிரே நிறுத்தி, ஐந்து விநாடிக்கு ஒரு புஷ் என்று விட்டால், ஒவ்வொருவரும் 120 முறை புஷ் செய்து, 120 முறை பந்தை நிறுத்தியிருப்பார்கள். பாதிப் பந்துகள் எங்கோ உருண்டோடிவிட்டன என்று கொண்டாலும் 60 மிஞ்சும். எல்லாரையும் உங்களால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாதுதான். ஆனால் நீங்கள் பார்த்துத் திருத்திய ஐந்து முறையைவிட, நீங்கள் பார்க்காத 60 முறை அந்தப் பிள்ளைக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன. தன்மானம் இடம் கொடுக்கவில்லை.

அடுத்து, உங்கள் மணிக்கட்டு. நம் கை செய்வது இதுதான்: மட்டையின் உச்சியைப் பிடித்திருக்கும் இடக்கை மட்டையைத் திருப்புகிறது, கீழே இருக்கும் வலக்கை திருப்புவதில்லை, மட்டை தனக்குள் சுழல்வதற்கு வழிவிடுகிறது. பந்தை இடமும் வலமும் மாறி மாறித் தட்டிச் செல்லும், இந்தியன் டிரிபிள் என்று நாம் சொல்வதன் மொத்தச் சூட்சுமமும் இவ்வளவே. பிள்ளைகள் வலக்கையை இறுக்கிவிடுவதால்தான் மட்டை திரும்ப மறுத்து, உடம்பு திரும்புகிறது. "தளர்வாக" என்ற சொல் அவர்களுக்கு எதையும் உணர்த்தாது. பிடியைவிடச் சற்றே அகலமான பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி மட்டையில் செருகி, வலக்கையால் குழாயை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். குழாய் அசையாமல் இருக்க, மட்டை அதனுள்ளே திரும்பும்; எந்தக் கை எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளையின் கையே கண்டுகொள்ளும். பிறகு குழாயை எடுத்துவிடலாம்.

இது வந்தவுடன் தலையை நிமிர்த்தப் பழக்குங்கள். பிள்ளை பந்தோடு வரும்போது எதிரே நின்று விரல்களைக் காட்டி, எத்தனை என்று உரக்கச் சொல்லச் சொல்வது எளிய வழி. பந்தை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளை எவ்வளவு அழகாக டிரிபிள் செய்தாலும், காலியாக நிற்கும் தோழனைக் கடைசிவரை பார்ப்பதில்லை.

புஷ் பிசகில்லாமல் வந்த பிறகே ஆட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்களிடம் இருக்கும் 16 பேரை இரண்டு சிறு திடல்களில் நால்வருக்கு நால்வர் என்று பிரித்து, முதல் நாளிலிருந்தே ஆடவிடுங்கள். 11 பேர் அணியில், 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள முழுத் திடலில், ஓரத்தில் நிற்கும் சிறுவனுக்குப் பந்து எப்போதாவதுதான் வரும். நால்வர் ஆட்டத்தில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. எந்த இடமும் யாருக்கும் சொந்தமில்லாததால், தாக்குவதும் தடுப்பதும் எல்லாருக்கும் பழகிவிடும். 11 வயதில் ஒருவனை ஃபுல் பேக் என்று முத்திரை குத்தினால், அவன் பந்தோடு எதிரியைத் தாண்டிச் செல்லக் கற்றுக்கொள்ளவே மாட்டான். ஃபுல் பேக்காக இருந்தவர் ஃபுல் பேக்கைத்தான் தேடுவார் என்பதும் உண்மை. நான் ஹாஃப், என் அணியில் ஒரு காலத்தில் ஆறு ஹாஃப்கள் இருந்தார்கள்!

விசில்:

நடுவராகப் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சிறிது சேர்க்கிறேன். மூத்த ஆட்டக்காரர்கள் பயிற்சியாளர்களாகும்போது, விதி மாறிவிட்டது என்று அறிந்திருந்தாலும், பழைய விதியிலிருந்து பிறந்த பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கக் கூடாது என்ற ஆஃப்சைட் விதி 1990களிலேயே நீங்கிவிட்டது. ஆயினும் ஃபுல் பேக்குகளை ஒரே கோட்டில் முன்னேறி நிற்கச் சொல்லும் பயிற்சியாளரை இன்றும் பார்க்கிறேன். பின்னால் ஒரு ஃபார்வர்டு நிம்மதியாகக் காத்திருக்கிறார்.

எதிரணியின் குற்றத்துக்காகக் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டும் அப்படியே. தானே தட்டித் தானே எடுத்துச் செல்லலாம் என்ற விதி 2009இல் வந்தது. ஆனால் பிள்ளைகள் பந்தை வைத்துவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று தேடிக்கொண்டு நிற்கிறார்கள். அதற்குள் எதிரணி முழுவதும் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. இந்த ஒன்றைச் சிறு வயதிலேயே பழக்கினால் ஆட்டத்தின் வேகமே மாறும்.

இன்னொன்றும் உண்டு. பயிற்சி ஆட்டத்தில் பந்து காலில் பட்டவுடன் விசில் ஊதாதீர்கள். அதனால் காலில் பட்டவருக்கு ஆதாயம் கிடைத்தாலோ, வேண்டுமென்றே உடம்பால் தடுத்தாலோதான் அது குற்றம். மாறாக, ஐந்து மீட்டருக்குள் நிற்பவரை நோக்கிப் பந்தை உயர்த்துவதையும், பந்தைப் பறிக்கும் டேக்கிள் என்ற பெயரில் மட்டையைக் கோடாரிபோல வீசுவதையும் ஒருமுறைகூடக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கட்டை போன்ற கெட்டி. பல்லுக்கும் முழங்காலுக்குக் கீழும் காப்பு அணியாத பிள்ளையைத் திடலுக்குள் விடாதீர்கள்.

பதினோராம் எண்:

இடது ஹாஃப் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் சிறு ஆட்டம் எல்லாவற்றையும் தானே கற்றுக்கொடுத்துவிடும் என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். விளையாடவிட்டால் பிள்ளைகள் தங்களுக்கு எளிதாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆடலாம், இடக்கைக்காரர்களுக்கென்று தனி மட்டையும் கிடையாது என்பதால், ஹாக்கியில் எல்லாருக்குமே வலப்பக்கம் வலுவானது, இடப்பக்கம் மெலிந்தது. இடப்பக்கம் வரும் பந்தை ரிவர்ஸ் ஸ்டிக்கால், அதாவது மட்டையைத் திருப்பிப் பிடித்து எடுப்பது யாருக்கும் தானாக வருவதில்லை. பிள்ளை உடம்பைச் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கத்தால்தான் எடுக்கப் பார்க்கும். என் இளமையில் யாரும் அதைத் திருத்தவில்லை. அதனால் ஃபார்வர்டாக ஆடிய காலம் முழுவதும் என்னை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது எதிரணி ஃபுல் பேக்குகளுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஒவ்வொரு மாலையும் பத்து நிமிடமாவது ரிவர்ஸுக்கென்று ஒதுக்கிப் பயிற்சி தர வேண்டும்.

நீங்கள் புல்தரையில் பழகியவர் என்றால், பந்தை நிறுத்துவதையும் மறு ஆய்வு செய்யுங்கள். புல்லில் பந்து துள்ளும் என்பதால் மட்டையை நிமிர்த்திப் பிடித்து நிறுத்தக் கற்றோம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தொடங்கிச் செயற்கைத் தரை பரவிய பின்னர், பந்து சீராக உருண்டு வருவதால், மட்டையைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்தும் முறையும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இரண்டும் தேவை.

பந்தை மட்டையோடு இழுத்து வந்து கோலை நோக்கி எறியும் டிராக் ஃபிளிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகள் கேட்பார்கள். கோலுக்கு அருகே எதிரணி செய்யும் குற்றத்துக்காகக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் முதல் அடியை ஹிட்டாக (மட்டையை ஓங்கி) அடித்தால், பந்து கோல் கோட்டை 460 மில்லிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில்தான் கடக்க வேண்டும். ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால் எல்லாருக்கும் அதன்மேல் மோகம். தாழ்ந்து அமர்ந்து, இடுப்பையும் கீழ்முதுகையும் முறுக்கி எறியும் வித்தை அது. வளரும் உடம்பை வைத்து நாளொன்றுக்கு ஐம்பது முறை அதைச் செய்யவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்கிறவர்களுக்குச் சாதாரண ஃபிளிக்கைச் சொல்லிக்கொடுத்து ஆறப்போடுங்கள்.

பழைய ஃபுல்பேக்:

மூவருக்கும் நன்றி. குழாய்த் துண்டை முதலில் என் மட்டையிலேயே செருகிப் பார்த்தேன். என் வலக்கை இத்தனை ஆண்டுகளாகச் சும்மா இருந்திருக்கிறது என்பதை 52 வயதில் கண்டுபிடித்தேன். மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, 16 பேரில் ஏழெட்டுப் பேருக்கு அரை மணி நேரத்தில் மட்டை திரும்பத் தொடங்கிவிட்டது. வரிசையை ஒழித்துவிட்டேன். நால்வர் ஆட்டத்தில் கூச்சல் காது கிழிகிறது, சலிப்பைக் காணவில்லை. ஆடும் இடத்தை நிலையாக வைக்கும் எண்ணத்தையும் இப்போதைக்குக் கைவிட்டிருக்கிறேன், முழு மனதோடு அல்ல.

ஆனால் தடுப்பாட்டத்தில் மட்டும் என் பழைய சரக்கு செல்லுபடியாகிறது. பந்தோடு வருபவரைக் கண்டவுடன் பிள்ளைகள் பாய்ந்து விழுகிறார்கள். பாயாதே, பின்வாங்கிக்கொண்டே இரு, உன் வலப்பக்கம் வழி திறந்திருப்பதுபோலக் காட்டு, அவர் அங்கே வந்தால் அது அவருடைய ரிவர்ஸ் பக்கம், உனக்கோ வலுவான பக்கம் என்று காலடிகளை எண்ணிக் காட்டினேன். பதினோராம் எண் அவர்களே, உங்களைத் தள்ளிய பக்கமும் அதுவாகத்தான் இருக்கும். மட்டையே இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் மட்டும் ஓரத்துக்கு ஒதுக்கும் விளையாட்டாக வைத்தபோது உடனே புரிந்துகொண்டார்கள்.

இன்னும் ஒரே ஒரு சிக்கல். கோல்கீப்பராக நிற்க ஒரு சிறுமி தானே முன்வந்தாள். ஆனால் பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த இடத்தில் நின்றவன் அல்லன் என்பதால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கம்பங்களுக்கிடையே:

எதுவும் சொல்லாதீர்கள் ஐயா, முதலில் பந்தை மாற்றுங்கள். முழுக் காப்புக் கவசத்தையும் அணியச் செய்து, டென்னிஸ் பந்தை ஐந்தாறு மீட்டரிலிருந்து கையால் மெல்ல உருட்டுங்கள். அவள் காலால் ஓரத்துக்கு உதைத்துத் தள்ளட்டும். பிறகு அதே பந்தைக் கவசத்தின்மேலும் ஹெல்மெட்டின்மேலும் படும்படி மெதுவாக எறியுங்கள். கவசம் தன்னைக் காக்கிறது என்பதை அவள் உடம்பு நம்ப வேண்டும். வாய்ச்சொல்லால் அந்த நம்பிக்கை வராது. முகம் திரும்பாமல் இருக்கும்வரை வேகத்தைக் கூட்டுங்கள், திரும்பினால் ஒரு படி இறங்குங்கள். ஹாக்கிப் பந்தை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும், அதுவும் புஷ்ஷாக, தரையோடு. கவசம் அவள் அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பெரியவர்களின் ஹெல்மெட் பிள்ளையின் தலையில் ஆடினால் கண்ணை மறைக்கும், கண் மறைந்தால் யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பத்தான் செய்வார்கள். அவள் விரும்பினாலும் வாரத்தில் ஒரு மாலையாவது கவசத்தைக் கழற்றிவிட்டு நால்வர் ஆட்டத்தில் ஆடட்டும். மற்றவர்களில் ஆசைப்படுபவர்கள் அந்த நேரத்தில் கவசத்தைப் போட்டுப் பார்க்கட்டும்.