கேளிக்கைப் பூங்கா வாசலில் ஆயுதச் சோதனை: எவ்வளவு வேண்டும், யார் முடிவு செய்வது?

பழைய வாயிற்காவலர் எழுதியது:

கேளிக்கைப் பூங்கா ஒன்றின் வாசலில் நான்கு ஆண்டுகள் சோதனை மேசைக்குப் பின்னால் நின்றவன் நான். சென்ற வாரம் இந்த மன்றத்தின் வேறோர் இழையில், நீள்வரிசை என்ற பெயரில் எழுதும் நண்பர், "மகிழ வருகிறவரைக் குற்றவாளியைப் போல நிறுத்திப் பையைக் கிளறுவது வெறும் நாடகம், அதைக் கைவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது" என்று எழுதியிருந்தார். அங்கே பேச்சு நுழைவுச் சீட்டின் பக்கம் போய்விட்டதால் இதற்கென்று தனி இழை தொடங்குகிறேன்.

2013 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி அனிமல் கிங்டம் பூங்காவில், பேரனோடு டைனோசர் ரைடில் ஏறிய ஒரு பெண்மணி தம் இருக்கையில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி ஒன்று கிடப்பதைக் கண்டு ஊழியரிடம் ஒப்படைத்தார். துப்பாக்கிக்கு உரியவர் உரிமம் பெற்றவர்தான். குலுக்கலில் அது அவருடைய கால்சட்டைப் பையிலிருந்து நழுவியிருக்கிறது. பூங்காவுக்குள் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்ற விதி தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அன்றைக்கு அங்கே தோள்பைகளைத் திறந்து பார்க்கும் வழக்கம் இருந்ததே தவிர, உடலில் இருப்பதைக் கண்டறியும் மெட்டல் டிடெக்டர் வாசலில் இல்லை. 2015 டிசம்பர் 17 அன்று டிஸ்னி, யுனிவர்சல், சீவேர்ல்டு ஆகிய மூன்று நிறுவனங்களும் ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ பகுதியில் நடத்தும் பூங்காக்கள் ஒரே நாளில் மெட்டல் டிடெக்டர்களை வைத்தன. டிஸ்னி பூங்காக்களில் பொம்மைத் துப்பாக்கி விற்பனையும் அப்போதே நின்றது.

அந்த இருக்கையில் பெரியவர் ஒருவருக்குப் பதில் ஏழு வயதுக் குழந்தை தனியாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு நாடகம் என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் டிடெக்டர் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், அதற்காக இருபது நிமிடம் கூடுதலாக நிற்க நேர்ந்தாலும் நிற்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

நீள்வரிசை எழுதியது:

நாடகம் என்று எழுதியதை நான் திரும்பப் பெறப் போவதில்லை. அமெரிக்க விமான நிலையங்களில் ரகசியமாக நடத்தப்பட்ட சோதனைகளின் முடிவு 2015 ஜூன் மாதம் வெளியானபோது, 70 முயற்சிகளில் 67 முறை போலி ஆயுதங்களும் போலி வெடிபொருள்களும் காவலைக் கடந்து போயிருந்தது தெரியவந்தது. பயிற்சியும் பணமும் சட்ட அதிகாரமும் உள்ள இடத்திலேயே நிலைமை அதுவென்றால், விடுமுறைக் காலத்துக்கென்று வேலைக்கு எடுக்கப்பட்டு, வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கும் ஓர் இளைஞரிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்?

இரண்டாவதாக, இருபது நிமிடம் நின்றால் என்ன என்கிறீர்கள். எங்கே நிற்பது? வாசலுக்கு வெளியே, யாரும் யாரையும் சோதிக்காத இடத்தில், ஆயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 2017 மே 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் 22 உயிர்களைப் பறித்த குண்டு, நுழைவுச் சீட்டுச் சோதனைக்கு உட்பட்ட பகுதிக்குள் வெடிக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறும் வழியில், சோதனைக்கு வெளியே இருந்த கூடத்தில் வெடித்தது. உள்ளே இருப்பவரைக் காப்பதற்காக வெளியே ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைப்பது எந்த வகைப் பாதுகாப்பு?

விருந்தினர் அனுபவம் என்றால் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்வது என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. என் தாயாருடன் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தபோது, காவலர் எங்கள் பையை மேசைமேல் கவிழ்த்தார். மாற்றுத் துணி, மாத்திரை டப்பா, அம்மா யாருக்கும் காட்ட விரும்பாத இரண்டு உள்ளாடைகள், எல்லாம் பின்னால் நின்ற நாற்பது பேர் பார்க்கப் பரந்து கிடந்தன. அடியில் இருந்த சிறிய கத்தரிக்கோல் துணிகளோடு சேர்ந்தே விழுந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. அன்று முழுவதும் அம்மா எந்த ரைடிலும் ஏறாமல் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

பழைய வாயிற்காவலர் எழுதியது:

உங்கள் தாயாருக்கு நேர்ந்ததற்கு ஒரு காவலனாக வருந்துகிறேன். பையைக் கவிழ்ப்பது சோதனையே அல்ல. பொருள் பொருளாக ஒதுக்கிப் பார்க்கிறவனுக்குத்தான் அடி தெரியும். முறையாகச் செய்யத் தெரியாதவரை மேசையில் நிறுத்தியது அந்த நிர்வாகத்தின் பிழை. ஆனால் அதிலிருந்து சோதனையே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. அடுப்பைச் சரியாகப் பற்ற வைக்கத் தெரியாதவன் கையைச் சுட்டுக்கொண்டான் என்பதற்காகச் சமையலை நிறுத்துகிறோமா?

மான்செஸ்டர் சம்பவத்தில் நீங்கள் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். பெரிய முதுகுப்பையோடு அங்கே சுற்றிக்கொண்டிருந்தவன்மேல் பொதுமக்களில் ஒருவருக்கே ஐயம் எழுந்து அவர் அதைக் காவலரிடம் சொன்னார் என்றும், தகவல் உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றும் பின்னர் நடந்த பொது விசாரணை பதிவு செய்திருக்கிறது. பார்த்தும் தயங்கிய இன்னோர் இளம் காவலர், தாம் எண்ணியது தவறாக இருந்தால் இனவெறியர் என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சியதாகச் சாட்சியம் அளித்தார். அங்கே சோதனை போதவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன், மிகுந்துவிட்டது என்று அல்ல.

விமான நிலையக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ரகசியச் சோதனையில் வந்தவர்கள் மறைக்கத் தெரிந்தவர்கள். அதே நாட்டின் விமான நிலையச் சோதனைகளில் 2024ஆம் ஆண்டில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் ஏறத்தாழ 94 விழுக்காடு குண்டு நிரப்பப்பட்டவை. பையில் இருந்ததையே மறந்துவிட்டேன் என்பதுதான் அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இந்த மறதிக்காரர்தான் பூங்காவுக்கும் வருகிறார். வரிசையில் யாரோ முந்தியதற்காகச் சண்டை மூளும்போது அவரிடம் அது இருக்கக் கூடாது.

எண்கணக்கு எழுதியது:

இருவரும் கருவியைப் பற்றிப் பேசவே இல்லை. கருவியில் உணர்திறன் என்று ஒரு எண் இருக்கிறது, எவ்வளவு சிறிய பொருளுக்கு அது ஒலிக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. உங்கள் சண்டை முழுவதும் அந்த எண்ணுக்குள் அடங்கும்.

பழைய மெட்டல் டிடெக்டர் காந்தப்புலத்தை எழுப்பி, அதற்குள் வரும் உலோகத்தில் தூண்டப்படும் மின்னோட்டத்தை உணர்கிறது. அதற்குச் சாவியும் ஒன்றுதான், சுழல் துப்பாக்கியும் ஒன்றுதான், அளவில்தான் வேறுபாடு. அதனால் எல்லோரும் சட்டைப்பையைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. 2020இன் தொற்றுக்காலத்திலிருந்து சிக்ஸ் ஃபிளாக்ஸ் முதலான பூங்காக்களில் இடம்பெற்ற எவால்வ் என்ற நிறுவனத்தின் கருவி, தாழ்ந்த அதிர்வெண் மின்காந்தப் புலத்தையும் உணரிகளையும் வைத்து, பொருளின் தன்மையை மென்பொருளால் ஊகிக்கிறது. தொலைபேசியும் சாவியும் பையில் இருக்க, குடும்பமாக நடந்தபடியே உள்ளே போகலாம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மடிக்கணினியும் குடைக் கம்பியும் அதை ஏமாற்றுகின்றன. எவால்வ் கருவி இருந்த நியூயார்க் மாநிலப் பள்ளி ஒன்றில் 2022இல் ஏழு அங்குலக் கத்தி உள்ளே போய் ஒரு மாணவர் குத்தப்பட்டார். கருவி எல்லா ஆயுதங்களையும் கண்டுபிடிக்கும், தீங்கற்ற பொருள்களை விட்டுவிடும் என்று அந்த நிறுவனம் மிகைப்படுத்திச் சொன்னதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024 நவம்பரில் குற்றஞ்சாட்டியது. இனி ஆதாரமின்றி அப்படிச் சொல்வதில்லை என்ற உடன்பாட்டுக்கு நிறுவனம் வந்தது.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் என் கற்பனை, வழி மட்டும் உண்மை. காலை முதல் இரண்டு மணி நேரத்தில் 12,000 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். கருவி நூற்றுக்குப் பத்துப் பேரிடம் ஒலித்தால் 1,200 பேரை இரண்டாம் மேசைக்கு அனுப்ப வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 2,400 நிமிடம், அதாவது 40 மணி நேர வேலை. அதை இரண்டு மணி நேரத்தில் முடிக்க 20 ஊழியர் வேண்டும். சிறிய கத்தியும் அகப்பட வேண்டும் என்று உணர்திறனை ஏற்றி, நூற்றுக்கு 25 பேரிடம் ஒலிக்கும்படி செய்தால் 50 ஊழியர் வேண்டும். ஐம்பது பேரை நிறுத்தாமல் உணர்திறனை மட்டும் ஏற்றினால் நீள்வரிசை அஞ்சும் கூட்டம் வெளியே சேரும். இருபது பேரையும் குறைத்துவிட்டு உணர்திறனை இறக்கினால் வாயிற்காவலர் அஞ்சும் கத்தி உள்ளே போகும். ஆகவே உங்கள் இருவரின் எதிரியும் ஒருவரே, சம்பளப் பட்டியலைச் சுருக்குகிறவர்.

இதயத்துணை எழுதியது:

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவள் என்பதால் இந்தப் பெயர். டிடெக்டர் வாயிலை நிற்காமல், சாய்ந்துகொள்ளாமல் இயல்பாக நடந்து கடப்பதில் பொதுவாக ஆபத்து இல்லை என்றும், கையில் பிடிக்கும் கருவியை மார்புக்கு மேல் நெடுநேரம் வைத்திருக்க விடக் கூடாது என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதைக் காவலரிடம் விளக்குவதற்குள் பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர் என்று எண்கணக்கு எழுதுகிறார். செயற்கை மூட்டு வைத்தவரும் சக்கர நாற்காலியில் வருகிறவரும் நானும் எந்தக் காலையிலும் அந்தப் பத்துக்குள்தான் இருப்போம்; மற்றவர்களுக்கு அது எப்போதோ ஒருமுறை வரும் சங்கடம்.

நான் கேட்பது சிறியது. மறைப்புள்ள ஓர் இடம், அதே பாலினத்தைச் சேர்ந்த ஒரு காவலர், என் பையை என் கையாலேயே திறக்கும் உரிமை. இது நடக்காத காரியமும் அல்ல. வெளி உணவைத் தடுத்ததற்காகச் சட்ட மாணவி ஒருவர் தொடுத்த வழக்குக்குப் பிறகு, 2019இல் ஷாங்காய் டிஸ்னிலாண்டு பார்வையாளர்கள் பைகளைத் தாங்களே திறந்து காட்டும்படி நடைமுறையைத் திருத்தியது. ஆயுதத்தைத் தேடுவதாகச் சொல்லி உணவைத் தேடும் வாசலை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நீள்வரிசை எழுதியது:

இதயத்துணை அம்மா சொன்னதில் கடைசி வரி எனக்குப் புதிது. உண்மையும்கூட.

சோதனையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று எழுதியது கோபத்தில். இரண்டு மாற்றங்களை மட்டும் கேட்கிறேன். ஒன்று, ஒரே வாசலில் எல்லோரையும் குவிக்காமல் சோதனையை முன்னால் தள்ளிப் பிரிக்க வேண்டும். 2017இல் ஒர்லாண்டோவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கான சோதனையை மோனோரயில் ஏறும் இடங்களுக்கே கொண்டுபோனார்கள், வாசலில் நெரிசல் குறைந்தது. இன்னொன்று, எல்லோரையும் சோதிப்பதற்குப் பதில் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதிக்கலாம். 2015இல் ஒர்லாண்டோவிலும் டிடெக்டருக்கு முதலில் அப்படித்தான் ஆள் எடுத்தார்கள்.

பழைய வாயிற்காவலர் எழுதியது:

முதலாவதை ஏற்கிறேன், இடம் உள்ள பூங்காக்களுக்கு. இரண்டாவதை மாட்டேன். தேர்ந்தெடுப்பது யார்? காவலரின் கண் என்றால், அது தாடியையும் நிறத்தையும் உடையையும் தேர்ந்தெடுக்கும். நானே அப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறேன், அன்றைக்கு அது அனுபவம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் ஒரே வாயில் வழியாக வரும்போது யாரும் தம் முகத்தைக் காரணமாக நினைக்க வேண்டியதில்லை.

நீள்வரிசை எழுதியது:

அப்படியானால் ஒரு கேள்வி. எல்லோருக்கும் ஒரே வாயில் என்கிறீர்கள். எல்லா நாளும் ஒரே வாயிலாக இருந்ததா? எண்கணக்கு சொன்ன அந்த எண்ணை உங்கள் நான்கு ஆண்டுகளில் யாராவது மாற்றினார்களா?

பழைய வாயிற்காவலர் எழுதியது:

இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன்.

மாற்றினார்கள். விடுமுறை நாள்களில் பத்தரை மணிக்கு மேல் வரிசை வண்டி நிறுத்துமிடம்வரை நீளும். அப்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், மேற்பார்வையாளர் சாவியோடு வந்து டிடெக்டர் சட்டகத்தின் தலைப்பகுதியைத் திறந்து உணர்திறனை இரண்டு படி இறக்குவார். அடுத்த பத்து நிமிடத்தில் ஒலி ஏறக்குறைய நின்றுவிடும், வரிசை கரையும், எல்லோர் முகத்திலும் சிரிப்பு வரும், என் முகத்திலும். பகல் ஒரு மணிக்கு மீண்டும் ஏற்றுவார். சில நாள் மறந்தும் போவார். அதாவது கூட்டம் மிகுந்த நாளில்தான் வாயில் மிகக் குறைவாகப் பார்த்தது.

எண்கணக்கு எழுதியது:

நேர்மைக்கு நன்றி, ஐயா. எந்த நாளில் எத்தனை மணிக்கு யார் இறக்கினார் என்பதை எங்காவது எழுதி வைத்தீர்களா?

பழைய வாயிற்காவலர் எழுதியது:

மேசையில் ஒரு பேரேடு இருந்தது. தேதி, நேரம், பிடிபட்ட பொருள், காவலர் கையொப்பம் என்று நான்கு பத்திகள். உணர்திறனுக்குப் பத்தி இல்லை. அந்த நாள்களின் பக்கங்களில் பத்தரைக்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றுமே எழுதியிருக்காது. மாதக் கடைசியில் அதைப் பார்த்த நிர்வாகம், அமைதியான நாள் என்று பாராட்டியதும் உண்டு.