மேப்பிள் மரம் ஒரு பக்கம் கருகுது, ஒரு கிளை துளிரே விடல, யாராச்சும் சொல்லுங்க (மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா)

நார்த்டேல் மருமக:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு முன்வாசல்ல ஒரு ஜப்பான் மேப்பிள் நிக்குது, சிவப்பு இலை, குழந்தை கை விரிச்ச மாதிரி இருக்கும். எங்க அத்தை வச்சது, 14 வருசம் ஆச்சு. அத்தை போன ஏப்ரல்ல தவறிட்டாங்க, அதுவரைக்கும் அந்த மரத்தை அவங்களே பாத்துக்கிட்டாங்க, நான் ஒரு சொம்பு தண்ணி கூட ஊத்தினதில்ல. செப்டம்பர்ல துளிர் நல்லா வந்துச்சு, அப்புறம் நாலு நாள் அனல் காத்து அடிச்சதும் இலை ஓரமெல்லாம் பொரிச்ச அப்பளம் மாதிரி பழுப்பாகி சுருண்டுடுச்சு. தெருப்பக்கம்தான் ரொம்ப. நர்சரில கேட்டேன், உரம் பத்தலன்னு சொன்னாங்க, வீட்டுல புல்லுக்கு வாங்கின எல்ஏஎன்ங்கற நைட்ரஜன் உரம் இருந்துச்சு, ரெண்டு கை அள்ளி அடில போட்டேன், ஒரு வாரம் கழிச்சு திரும்பவும் போட்டேன். தினமும் சாயங்காலம் தண்ணி விடுறேன். ஆனா இன்னும் மோசமாகுது. இதுல கீழ்க்கிளை ஒன்னு இந்த வருசம் துளிரே விடல. அத்தை மரத்தை நான் கொன்னுட்டேனோன்னு ராத்திரி தூக்கம் வரல.

டர்பன் ஸ்டூப்:
அக்கா, நான் டர்பன்ல ரெண்டு தடவை வாங்கி வச்சு ரெண்டும் போயிடுச்சு. இங்க குளிர்காலம்னு ஒன்னு சரியா கிடையாது, கடல் உப்புக்காத்து வேற, அந்த மரத்துக்கு நல்லா குளிர்ந்து தூங்கி எழுந்திருக்கணுமாம். உங்க ஊர் பரவால்ல. ஷேட் நெட் கட்டி நல்லா தண்ணி ஊத்துங்க, சரியாயிடும்.

பெனோனி தோட்டக்காரன்:
தங்கச்சி, முதல்ல எல்ஏஎன் போடுறதை நிறுத்துங்க, ஒரு கை கூட வேண்டாம். அதுல 28 சதவீதம் நைட்ரஜன், கிக்குயு புல்லுக்கு அது சாப்பாடு, மேப்பிளுக்கு சூடு. இந்த மரத்தோட வேர் ஆழமா போகாது, மேல் மண்ணுலயே சல்லி வேரா படர்ந்து கிடக்கும், உரத்தோட உப்பு அதிகமானா முதல்ல இலை ஓரம்தான் கருகும். அதுல சுண்ணாம்பும் கலந்திருக்கு, மேப்பிளுக்கோ லேசான புளிப்பு மண்ணுதான் வேணும், பிஹெச் 5.5ல இருந்து 6.5 இருந்தா சந்தோசமா இருக்கும்.

அனல் காத்து நீங்க சொன்னது பெர்க் விண்ட். மேல பீடபூமில இருந்து கீழ இறங்குற காத்து, காஞ்ச காத்து 1000 மீட்டர் இறங்கினா கிட்டத்தட்ட 10 டிகிரி சூடு ஏறும், மாரிட்ஸ்பர்க் ஒரு கிண்ணத்துக்குள்ள இருக்கற ஊர், அங்க வந்து சேரும்போது அடுப்பு மாதிரிதான் இருக்கும். மேப்பிள் மெல்லிசா புது இலை விடுற நேரமும் இது வர்ற நேரமும் ஒன்னு, இலை காத்துல இழக்குற தண்ணி அளவுக்கு வேரால உறிஞ்சிக் குடுக்க முடியாது. உங்க தெருப்பக்கம் வடமேற்கா?

நார்த்டேல் மருமக:
ஆமா அண்ணா வடமேற்குதான். ஊர்ல எங்க அப்பாகிட்ட போன்ல சொன்னா வடக்குப் பக்கம் நிழலாத்தானே இருக்கும்ங்கறார்.

பெனோனி தோட்டக்காரன்:
அப்பாகிட்ட சொல்லுங்க, நாம பூமியோட தென்பாதில இருக்கோம், இங்க சூரியன் வடக்குப் பக்கமா சாஞ்சுதான் போகும், அதனால வடக்குச் சுவர்தான் கொதிக்கும். நெட்ல படிக்கிற மேப்பிள் பக்குவத்துல முக்காவாசி அமெரிக்கா, இங்கிலாந்துக்காரங்க எழுதினது, திசையையும் மாசத்தையும் திருப்பிப் போட்டுத்தான் படிக்கணும். மார்ச்ல உரம்னு இருந்தா நமக்கு செப்டம்பர்.

இப்ப செய்ய வேண்டியது இதுதான். ஓஸை அடில போட்டு மெதுவா ஒரு ரெண்டு மணி நேரம் விடுங்க, போட்ட உப்பு கரைஞ்சு கீழ இறங்கட்டும், ரெண்டு மூணு நாள் விட்டு இன்னொரு தடவை. அப்புறம் தினமும் தெளிக்கிற வேலை வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு தடவை ஆழமா, விரலை மண்ணுல விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும். அடில இருக்கற புல்லை ஒரு மீட்டர் வட்டத்துக்கு எடுத்துட்டு பைன் பட்டை நாலு விரல் உயரம் பரப்புங்க, ஆனா தண்டுல ஒட்டாம ஒரு சாண் தள்ளி. கருகின இலையைப் பிய்க்காதீங்க, பச்சையா மிச்சம் இருக்கற இடம் இன்னும் மரத்துக்கு சாப்பாடு சமைச்சுக்கிட்டுதான் இருக்கு.

ஓய்வு வாத்தியார், ஹோவிக்:
அம்மா, தண்ணியும் உரமும் பத்தி அவர் சொன்னது எல்லாம் சரி. எனக்கு உறுத்துறது அந்தக் கீழ்க்கிளை. காத்து ஒரு பக்கத்தையே சுடும், உப்பு மரம் முழுக்க காட்டும், ஒரே ஒரு கிளையை மட்டும் துளிர் விடாம பண்றது ரெண்டுக்கும் வழக்கமில்ல. குளிர்காலத்துலயே அந்தக் கிளைக்குள்ள ஏதோ நடந்திருக்கு. ரெண்டு சோதனை சொல்றேன்.

ஒன்னு, அந்தக் கிளையோட நுனிப்பக்கம் பென்சில் தடிமன்ல ஒரு துண்டு வெட்டி குறுக்கா பாருங்க. உள்ள மரத்துல ஆலிவ் பச்சையா கரும்பச்சையா கோடு இல்ல வளையம் தெரிஞ்சா அது வெர்ட்டிசிலியம், மண்ணுல இருக்கற பூஞ்சை. பக்கத்துல கத்தரி, தக்காளி போட்டிருக்கீங்களா? அந்தப் பயிருக்கும் இதே நோய் வரும், மண்ணுல வருசக்கணக்கா கிடக்கும்.

ரெண்டாவது, வெயில் நல்லா இருக்கறப்போ தண்டையும் கிளையையும் கிட்டப் போய், வேணும்னா லென்ஸ் வச்சு பாருங்க. பால் பாயின்ட் பேனா முனை அளவு ஓட்டை, வட்டமா, சுத்தி கருப்பா ஈரக்கறை, இல்லன்னா ஓட்டை வாயில மாவு மாதிரி தூள். இருந்தா வேற கதை.

இன்னொன்னு, கேக்கறதுக்கு நல்லா இருக்கும்னு சொல்றேன். இந்த மரத்துக்கு 1784ல ஏசர் பல்மாட்டம்னு பேர் வச்சது துன்பெர்க்ங்கற ஸ்வீடன்காரர். அவர் ஜப்பான் போறதுக்கு முன்னாடி 1772ல இருந்து மூணு வருசம் நம்ம கேப் டவுன் பக்கம்தான் இருந்தார், டச்சு பழகறதுக்காக, அப்போ டச்சுக்காரனைத் தவிர வேற வெள்ளைக்காரனை ஜப்பான் உள்ள விடாது. அதனால இந்த மரத்துக்கும் இந்த நாட்டுக்கும் பழைய உறவு உண்டுன்னு நான் பசங்களுக்கு சொல்லுவேன்.

நார்த்டேல் மருமக:
ஐயா, பாத்துட்டேன், கை நடுங்குது. வெட்டின துண்டுல பச்சைக் கோடு இல்ல. ஆனா கீழ்க்கிளைல ஓட்டை இருக்கு, நான் எண்ணினது ஒன்பது, எல்லாம் ஒரு முழ நீளத்துக்குள்ள. சுத்தி கருப்புக் கறை. நகத்தால பட்டையைச் சொறிஞ்சேன், அடில மரம் பழுப்பா இருக்கு. பெரிய தண்டுல தேடிட்டேன், ஒன்னும் இல்ல. கத்தரி பின்பக்கம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் காலி மனைல ஆமணக்கு காடா வளந்து கிடக்கு, ஒரு சந்தேகத்துல அதையும் போய் பாத்தேன், அதுலயும் அதே ஓட்டை நிறைய.

ஓய்வு வாத்தியார், ஹோவிக்:
ஆமணக்கைப் பாத்தது ரொம்ப நல்ல காரியம். இது ஷாட் ஹோல் போரர்னு சொல்ற பூச்சியா இருக்கத்தான் வாய்ப்பு. 2017ல இந்த நாட்டுல இதை அடையாளம் கண்டது உங்க ஊர் தாவரவியல் தோட்டத்துலதான், அங்க இருக்கற பிளேன் மரங்கள்ல. ஜப்பான் மேப்பிள், ஆமணக்கு ரெண்டுமே அது உள்ள குஞ்சு பொரிச்சுப் பெருகுற மரங்கள்.

பூச்சி எள்ளு அளவுதான், 2 மில்லிமீட்டர். மரத்தை அது தின்னறதில்ல. வாய்கிட்ட ஒரு பைல பூஞ்சையைக் கொண்டு வந்து, துளைச்ச சுரங்கத்துல அதைப் பயிர் பண்ணி, தானும் குஞ்சும் அந்தப் பூஞ்சையைத்தான் சாப்பிடும். அந்தப் பூஞ்சை தண்ணி ஏறுற குழாயை அடைச்சுடும், கிளை தாகத்துலயே சாகும்.

வால்பாறைக்காரி, சாண்ட்டன்:
ஐயா சொல்றதைக் கேக்கும்போது உடம்பு சிலிர்க்குது, எங்க அப்பா தேயிலை எஸ்டேட்ல இருந்தவர், ஷாட் ஹோல் போரர்னு இதே வகைப் பூச்சிதான் தேயிலைக் குச்சியைத் துளைக்கும், கவாத்து வெட்டும்போது குச்சி அந்த ஓட்டைகிட்டதான் ஒடியும், நான் சின்னப்புள்ளைல பாத்திருக்கேன். அக்கா, வெட்டின கிளையை எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க, பரவுறதே அதுலதான்.

நார்த்டேல் மருமக:
ஐயோ, வீட்டுக்காரர் அந்தக் கிளையை வெட்டி எதிர்வீட்டுக்காரங்களுக்கு ப்ராய் போட, அதான் கறி சுடறதுக்கு விறகா, குடுக்கலாம்னு சொன்னார்.

வால்பாறைக்காரி, சாண்ட்டன்:
வேண்டவே வேண்டாம் அக்கா. பக்கி வண்டில (பிக்கப்) ஏத்தி இன்னொரு தெருவுக்குப் போனா அந்தத் தெரு மரத்துக்கும் வந்துடும். புனித வெள்ளிக்கு உங்க ஊர் கோயில்ல தீமிதிக்கு விறகு சேப்பாங்கல்ல, அதுக்கும் இதைக் குடுத்துடாதீங்க, நல்ல மனசோட செய்யறதுன்னாலும்.

ஓய்வு வாத்தியார், ஹோவிக்:
ஆமா. கிளையை ஓட்டை இருக்கற இடத்துக்கு மேல இல்ல, கீழ, மரம் சுத்தமா இருக்கற இடம் வரைக்கும் வந்து, கிளை தண்டைச் சேர்ற மடிப்பை விட்டுட்டு வெட்டச் சொல்லுங்க. வெட்டின முகம் பழுப்பில்லாம வெள்ளையா இருக்கணும். ரம்பத்தை மெத்திலேட்டட் ஸ்பிரிட்ல துடைச்சுட்டுத்தான் இன்னொரு கிளையைத் தொடணும். வெட்டினதைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, தடிச்ச பிளாஸ்டிக் ஷீட்ல காத்து புகாம மூடி, நல்ல வெயில்ல ஆறு வாரத்துக்குக் குறையாம போடுங்க. ஆமணக்கையும் மனைக்காரர்கிட்ட கேட்டுட்டு வெட்டி அதோட சேத்து மூடணும், இல்லன்னா அங்க இருந்து திரும்ப வரும். பட்டைல தெளிக்கிற மருந்து உள்ள இருக்கறதை எல்லாம் கொன்னுடும்னு யாராவது சொன்னா காசு குடுக்காதீங்க, பூச்சி மரத்துக்குள்ள உக்காந்திருக்கு. பெரிய தண்டை வாரம் ஒரு தடவை பாருங்க. அதுல ஓட்டை பரவினா மரத்தை எடுக்கறதைத் தவிர வழி இல்ல, அதையும் முன்னாடியே சொல்லிடறேன் அம்மா. முடிஞ்சா ஓட்டையை ஒரு நாணயம் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து பிரிட்டோரியா பல்கலைக்கழகத்துல ஃபாபிங்கற ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புங்க, இந்தப் பூச்சியை ஆராயறவங்க அவங்க.

நார்த்டேல் மருமக:
டிசம்பர் ஆயிடுச்சு, சொல்லாம இருக்க மனசு வரல. கிளையை அன்னைக்கே எடுத்தாச்சு, வெட்டின இடம் வெள்ளையா இருந்துச்சு. ஆமணக்கை மனைக்காரரே ஆள் விட்டு வெட்டிக் குடுத்தார், எல்லாம் கருப்பு ஷீட்டுக்குள்ள வெயில்ல கிடக்கு. புல்லை எடுத்துட்டு பைன் பட்டை போட்டேன், தோண்டும்போது பாத்தா தண்டைச் சுத்தி ஒரு சாண் உயரத்துக்கு மண்ணு ஏறியிருந்துச்சு, அதையும் கையாலயே மெதுவா விலக்கினேன். வடமேற்குப் பக்கம் ஷேட் நெட் கட்டியிருக்கோம். நவம்பர் கடைசில கருகின கிளை நுனில எல்லாம் ரெண்டாவது துளிர் வந்துச்சு, சின்ன இலைதான், ஆனா அதே சிவப்பு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலைல லென்ஸை எடுத்துக்கிட்டு தண்டைச் சுத்தி வர்றேன், இதுவரைக்கும் புது ஓட்டை இல்ல. அத்தையும் ஞாயித்துக்கிழமைதான் இப்படி சுத்தி வருவாங்க, நான் ஜன்னல்ல இருந்து பாப்பேன்.